பொங்கல் கேசட்டும் நேட்டோவும்: ஜெல்லிஃபின் பயன்படுத்திப் பார்த்த கதை

2024 மார்ச்சில் ஸ்வீடன் 32-ஆவது நாடாக நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்த அன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் கோயம்புத்தூர் சித்தப்பா. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "சோவியத் உடைஞ்ச உடனே வந்த பொங்கலுக்கு அண்ணன் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? நேட்டோ இன்னும் அஞ்சு வருஷம்தான்னாரு" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்த பெரியப்பா அரை மணி நேரத்தில் பதில் அனுப்பினார்: "டேய், நான் அப்படிச் சொல்லவே இல்லை. இருந்தா காட்டு."

காட்டுவதற்கு ஒரு வழி இருந்தது. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேமராவில் அந்தக் காலத்துப் பொங்கல், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் எடுத்திருந்தார்கள். அப்பா பதினேழு கேசட்டை பீரோவுக்கு மேலே ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும் சாப்பாடு முடிந்ததும் அண்ணன் தம்பி இருவரும் திண்ணையில் உட்கார்ந்து உலக அரசியல் பேசுவார்கள், கேமரா வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திருப்பாமல் போனதில்லை. ஆக, ஆதாரம் டின்னுக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்து, ஒழுங்குபடுத்தி, டிவியில் போட்டுக் காட்டும் அளவுக்குக் கொண்டுவர ஒன்றரை வருடம் ஆனது. அதில் கடைசிக் கட்டத்துக்கு நான் பயன்படுத்திய ஜெல்லிஃபின் என்ற இலவச வீடியோ மென்பொருள் பற்றித்தான் இந்த விமர்சனம், ஆனால் அதற்கு முன்னால் பட்ட பாட்டையும் சொல்லாவிட்டால் அது ஏன் எனக்குப் பிடித்தது என்று புரியாது.

கேசட்டை டிஜிட்டலாக மாற்றித் தர ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். நாலு கேசட்டில் பூஞ்சை, இரண்டில் நாடா அறுந்திருந்தது, அதையெல்லாம் ஒட்டிச் சுத்தம் செய்து எடுத்துக் கொடுத்தார்கள், அந்த வரைக்கும் நன்றி. ஆனால் மூன்று மூன்று கேசட்டாகச் சேர்த்து ஒரே நீள ஃபைலாக்கி, 'கேப்சர் 1', 'கேப்சர் 2' என்று பெயர் வைத்து, கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பிவிட்டார்கள். கேசட் மேல் அம்மா பேனாவால் எழுதி ஒட்டியிருந்த சீட்டில் என்ன இருந்ததென்று ஒரு வரிகூடக் குறித்து வைக்கவில்லை. இரண்டு ராத்திரி ஓடி டவுன்லோட் ஆனது. ஒரு மணி நேரப் படம் மூன்று ஜிபிக்கு மேல். டவுன்லோட் ஆன ஃபைலில் தேதி என்னவென்று பார்த்தால் நேற்று. எல்லாமே நேற்று எடுத்தது மாதிரி வரிசையாக நிற்கிறது.

இதோடு வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கிய வீடியோக்கள் வேறு. வாட்ஸ்அப் ஃபைல் பெயரில் ஒரு தேதி இருக்கும், அது நம் போனுக்கு வந்து சேர்ந்த தேதி. யாராவது ஐந்து வருடம் கழித்து பழைய வீடியோவை மறுபடி அனுப்பினால் அன்றைய தேதியைத்தான் போட்டுக்கொள்ளும், படத்தையும் நசுக்கிச் சின்னதாக்கிவிடும். கல்யாண வீடியோக்காரர் யூடியூபில் ஏற்றியதை அவர் கணக்கிலிருந்தே இறக்கி வாங்கியது தனி. மொத்தம் நானூறு ஃபைல், ஒன்றுக்காவது சரியான தேதி கிடையாது. பழைய கேசட்டில் படத்தின் ஓரத்திலேயே தேதி ஓடும், அதுவாவது உதவும் என்று பார்த்தால் மாமா அந்த கேமராவில் கடிகாரமே வைக்கவில்லை போல, எல்லா விசேஷமும் 1988 ஜனவரி 1 அன்று நடந்திருக்கிறது.

இங்கேதான் பெரியப்பா சித்தப்பா சண்டை கைகொடுத்தது. ஒரு கேசட்டில் பொங்கல் பானை வைத்திருக்கிறார்கள், எந்த வருடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தை தன் புடவையை வைத்து 90 என்றாள், அப்பா சுவர் சுண்ணாம்பை வைத்து 93 என்றார். திண்ணையில் சித்தப்பா, "கோர்பச்சேவ் போன மாசம் ராஜினாமா பண்ணிட்டாரு, இன்னும் என்னண்ணே சோவியத் சோவியத்துன்னு" என்கிறார். கோர்பச்சேவ் பதவி விலகியது 1991 டிசம்பர் 25. முடிந்தது, 1992 பொங்கல். இன்னொன்றில் தங்கச்சிக்குக் காதுகுத்து. பின்னணியில் சித்தப்பா குரல்: "போலந்து, ஹங்கேரி, செக் மூணும் போன மாசம் சேர்ந்தாச்சு. உங்க கணக்குப்படி கடைய மூடியிருக்கணுமே?" அந்த மூன்று நாடுகளும் நேட்டோவில் சேர்ந்தது 1999 மார்ச் 12, ஆகவே காதுகுத்து அந்த ஏப்ரல். அம்மா பழைய டைரியைப் புரட்டிப் பார்த்து ஆமாம் என்றாள். இப்படி ஒன்பது கேசட்டுக்கு ராணுவக் கூட்டணிகளையும் வர்த்தக ஒப்பந்தங்களையும் வைத்தே தேதி போட்டேன்.

நீள ஃபைல்களை வெட்ட லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள். படத்தை மறுபடி அரைக்காமல் அப்படியே துண்டு போடுகிறது, பழைய லேப்டாப்பிலும் நொடியில் வேலை முடிகிறது. அப்புறம் ஹேண்ட்பிரேக். கேசட்டிலிருந்து எடுத்த படத்தில் யாராவது வேகமாகக் கையை ஆட்டினால் சீப்புப் பல் மாதிரி குறுக்குக் கோடு தெரியும். பழைய டிவிக்காக ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக, ஒற்றைப்படை வரி தனி, இரட்டைப்படை வரி தனி என்று பதிவு செய்ததால் வருவது அது. ஹேண்ட்பிரேக்கில் அந்தக் கோட்டை நீக்கும் வசதியைப் போட்டு எம்பி4 ஆக மாற்றினால் மூன்று ஜிபி ஒரு ஜிபிக்குள் வந்துவிடும், எந்த டிவியிலும் ஓடும். மூல ஃபைலைத் தனி டிஸ்க்கில் பத்திரமாக வைத்துவிட்டேன், அதை மட்டும் யாரும் அழித்துவிடாதீர்கள்.

சரி, ஜெல்லிஃபினுக்கு வருகிறேன். நம் வீட்டுக் கணினி ஒன்றில் இதை நிறுவி, வீடியோ இருக்கும் ஃபோல்டரைக் காட்டிவிட்டால் போதும், வீட்டில் இருக்கும் டிவி, போன், டேப்லெட் எல்லாவற்றிலும் நெட்ஃபிளிக்ஸ் மாதிரி அட்டைப்படத்தோடு வரிசையாகத் தெரியும். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, எந்த நிறுவனத்திலும் கணக்குத் திறக்க வேண்டாம். எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் மூலநிரலைப் பூட்டிக்கொண்டபோது 2018 டிசம்பரில் சிலர் அதிலிருந்து பிரிந்துவந்து தொடங்கியது இது, இன்றுவரை தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். இதைப் பெரியப்பாவிடம் சொன்னதும், "அப்போ முதலாளியே இல்லையா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். சித்தப்பா போனில், "முதலாளி இல்லாத கடை எத்தனை நாளைக்கு ஓடும்?" என்றார். இதுவரை ஏழு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது என்பதை இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

நிறுவுவது கஷ்டமில்லை. என்னிடம் இருந்தது எட்டு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், அதை ரவுட்டர் பக்கத்தில் வயர் போட்டு இணைத்து, மூடிவைத்தாலும் தூங்காதபடி செய்துவிட்டேன். நிறுவி முடித்ததும் பிரவுசரில் அந்தக் கணினியின் முகவரி போட்டு 8096 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்தால் பக்கம் திறக்கிறது. மெனுவைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம், அம்மாவுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன், தப்பு என்னுடையதுதான். லைப்ரரி சேர்க்கும்போது என்ன வகை என்று கேட்கும், நான் யோசிக்காமல் 'திரைப்படங்கள்' என்று கொடுத்துவிட்டேன். அந்த வகையைக் கொடுத்தால் அது ஃபோல்டர் பெயரை வைத்து இணையத்தில் படம் தேடி, போஸ்டர், நடிகர் பெயர், கதைச்சுருக்கம் எல்லாம் இழுத்துவரும். எங்கள் பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் யாரோ துப்பாக்கியோடு நிற்கும் போஸ்டருக்குள் போய்விட்டது. பாட்டி இருந்திருந்தால் ரசித்திருப்பாள். வீட்டு வீடியோவுக்கென்று தனி வகையே இருக்கிறது: 'வீட்டு வீடியோக்கள், படங்கள்'. அதைக் கொடுத்தால் இணையத்தில் எதையும் தேடாது, நம் ஃபோல்டர் எப்படி இருக்கிறதோ அப்படியே காட்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இதைப் பிடித்தது. தானே புத்திசாலித்தனம் காட்டி அடுக்கும் மென்பொருள்கள் எல்லாம் ஃபைலின் தேதியை நம்புகின்றன, எங்கள் ஃபைல் தேதியோ முழுப் பொய். இது நாம் போட்ட வரிசையில் கை வைப்பதில்லை. ஃபோல்டர் பெயரை வருடம், மாதம், அப்புறம் விசேஷம் என்று வைத்தேன்: '1992-01 பொங்கல்', '1999-04 காதுகுத்து'. அகரவரிசையே கால வரிசை ஆகிவிட்டது.

ஆனால் ஃபோல்டர் மட்டும் போதாது என்று சீக்கிரமே தெரிந்தது. சித்தப்பாவுக்கு விவாதங்கள் மட்டும் தனியாக வேண்டும், அதிலும் 'ராணுவம்' தனி, 'பொருளாதாரம்' தனி. ராணுவக் கூட்டணி எல்லாம் சும்மா கொடி, உண்மையில் உலகத்தை ஓட்டுவது சந்தைதான் என்பது அவர் கட்சி. பெரியப்பா விடவில்லை, சோவியத் அணியின் பொருளாதாரக் கூட்டமைப்பான கோமெகானையும் ராணுவக் கூட்டணியான வார்சாவையும் எடுத்தார். "கோமெகான் 91 ஜூன் 28-ல கலைஞ்சுது, வார்சா ஜூலை 1-ல கலைஞ்சுது. நடுவுல மூணு நாள். ஒண்ணு சந்தை, ஒண்ணு படை, ரெண்டையும் எப்படிடா ரெண்டு பெட்டியில போடுவ?" சித்தப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. துருக்கி 1952-இலிருந்து நேட்டோவில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்றுவரை இடம் கிடைக்கவில்லை, ஆனால் 1996-இலிருந்து அதனுடன் சுங்க ஒன்றியம் மட்டும் உண்டு. ஆஸ்திரியாவும் அயர்லாந்தும் ஒன்றியத்தில் இருக்கின்றன, நேட்டோவில் இல்லை. நார்வே அதற்கு நேர் எதிர். "இதுக்கு என்ன சொல்றீங்க அண்ணே, பெட்டி வேற வேறதானே?" இருவர் சொன்னதும் சேர்ந்து எனக்கு ஒன்றைத்தான் சொன்னது: ஒரு வீடியோ ஒரு ஃபோல்டரில்தான் இருக்க முடியும், ஒரு நாடு எத்தனை சங்கத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். எனவே டேக். ஜெல்லிஃபினில் ஒவ்வொரு வீடியோவுக்கும் எத்தனை டேக் வேண்டுமானாலும் ஒட்டலாம். 1992 பொங்கலுக்கு 'நேட்டோ', 'வார்சா', 'ராணுவம்', 'பொருளாதாரம்', 'பானை' என்று ஐந்து. அப்புறம் 'திண்ணை' என்று ஒரு தொகுப்பு உருவாக்கி எல்லா விவாதத்தையும் அதில் சேர்த்துவிட்டேன். ஃபைல் இடம் மாறாது, தொகுப்பில் ஒரு முறை தெரியும், ஃபோல்டரில் ஒரு முறை தெரியும்.

இன்னொரு வசதி, நாம் எழுதும் தலைப்பு, தேதி, டேக் எல்லாவற்றையும் வீடியோ பக்கத்திலேயே ஒரு சின்ன எழுத்து ஃபைலாகச் சேமிக்கச் சொல்லலாம். அமைப்பில் போய் அதை இயக்க வேண்டும், கட்டாயம் செய்யுங்கள். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும், லேப்டாப் செத்தாலும், உட்கார்ந்து எழுதியதெல்லாம் டிஸ்க்கோடு வரும். சப்டைட்டிலும் அப்படித்தான், வீடியோ பெயரையே வைத்துப் பக்கத்தில் போட்டால் எடுத்துக்கொள்ளும். மாமா பேரன் ஒருவன் கனடாவில் பிறந்தவன், திண்ணைத் தமிழ் அவனுக்கு ஓடுகிற வேகத்தில் பிடிபடாது, அவனுக்காக நாலு விவாதத்துக்கு சப்டைட்டில் எழுதினேன்.

எழுதும்போதுதான் நிதானமாகக் கேட்டேன். இருவருமே நன்றாகத் தோற்றிருக்கிறார்கள். 1992-இல் பெரியப்பா கேட்டது நியாயமான கேள்விதான்: எதிரிக் கூட்டணியே கலைந்தபின் இந்தக் கூட்டணிக்கு என்ன வேலை? அன்றைக்கு நேட்டோவில் 16 நாடு, இன்றைக்கு அதற்கு இரண்டு மடங்கு. சித்தப்பா வாங்கிய அடி வேறு கேசட்டில் இருக்கிறது. 2004 பொங்கல், அதற்குப் பத்து நாள் முன்னால்தான் இஸ்லாமாபாத்தில் சார்க் கூட்டமைப்பின் தெற்காசிய சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. கரும்பைக் கடித்தபடியே சொல்கிறார்: "பத்து வருஷம் பாருங்க, சார்க் அப்படியே ஐரோப்பா மாதிரி ஆயிடும். வியாபாரம் பண்றவன் சண்டை போட மாட்டான்." பத்து வருடம் கழித்து 2014-இல் காத்மாண்டுவில் சார்க் உச்சி மாநாடு நடந்தது, அதற்கப்புறம் உச்சி மாநாடே நடக்கவில்லை. வியாபாரம் செய்பவன் சண்டை போட மாட்டான் என்பதற்குப் பதிலடியாக, ரஷ்ய எரிவாயுவை வருடக்கணக்கில் வாங்கிய ஜெர்மனியைக் காட்டி, உக்ரைன் போர் வெடித்த 2022-இல் பெரியப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் ஏற்றியிருக்கிறேன், பதினொரு நிமிடம்.

1971 இந்திய சோவியத் ஒப்பந்தம் ராணுவக் கூட்டணியா இல்லையா என்பது மூன்று கேசட்டில் வருகிறது. ஆபத்து வந்தால் கலந்து பேசுவோம் என்றுதான் இருக்கிறது, படை அனுப்புவோம் என்று எழுதவில்லை, எனவே அணிசேராமை கெடவில்லை என்பது பெரியப்பா. எழுதாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்பது சித்தப்பா. என்னைக் கேட்டால் இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது 2020 பொங்கல், போனில் எடுத்தது. முந்தைய நவம்பரில் பாங்காக்கில் ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியிருந்தது. நியூசிலாந்துப் பால் பவுடர் உள்ளே வந்தால் நம் மாட்டுக்காரன் கதி என்னாகும், விலகியது சரி என்று பெரியப்பா மத்திய அரசைப் பாராட்ட, வீடே கைதட்டுகிறது. சித்தப்பா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நிறுத்தினால், எடுத்தவனின் விரல் பாதி லென்ஸை மறைத்திருக்கிறது.

குறை என்றால் சில உண்டு. முகத்தை அடையாளம் கண்டு தானே பிரிக்கும் வசதி இதில் இல்லை, புகைப்படம்தான் அதிகம் என்றால் இம்மிச் என்ற இன்னொரு இலவச மென்பொருள் பொருத்தம், வீடியோ பார்க்க ஜெல்லிஃபின். பேச்சைத் தேடும் வசதியும் இல்லை, பேச்சில் வரும் 'வார்சா'வைத் தேடி எடுக்க முடியாது, நான் ஒட்டிய டேக்கை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். டிவிக்குப் புரியாத வகை ஃபைலைக் கொடுத்தால் அது ஓட ஓட மாற்றிக் கொடுக்கும், அப்போது பழைய லேப்டாப் மின்விசிறி மிக்ஸி மாதிரி கத்தும். முன்கூட்டியே எம்பி4 ஆக மாற்றிவைத்ததால் எனக்கு இது தீர்ந்தது. வெளியூரிலிருந்து பார்ப்பதற்கு அவர்கள் பக்கம் எந்த ஏற்பாடும் கிடையாது, நாமே செய்துகொள்ள வேண்டும். நான் வெளியூர் போனையும் வீட்டுக் கணினியையும் ஒரே வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டேன், சொந்த உபயோகத்துக்கு இலவசம், சித்தப்பா போனில் நிறுவிக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆனது, அதில் நாற்பது நிமிடம் பாஸ்வேர்டு. இதே வேலையைச் செய்யும் பிளெக்ஸில் வெளியூர் ஏற்பாடு சுலபம், ஆனால் 2025 ஏப்ரல் 29 முதல் வீட்டுக்கு வெளியே பார்க்கக் கட்டணம். எங்கள் வீட்டில் கட்டணம் என்றால் அதற்கு ஒரு தனி விவாதம் நடக்கும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. முக்கியமாக, இதைக் காப்புப் பிரதி என்று நினைத்துவிடாதீர்கள். டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. ஒரு பிரதி என்னிடம், ஒன்று சித்தப்பா வீட்டு பீரோவில்.

போன ஆயுத பூஜை விடுமுறையில் காட்சி வைத்தோம். வெவ்வேறு இடத்தில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து பார்க்கும் வசதி இதில் உண்டு, இங்கே நிறுத்தினால் அங்கேயும் நிற்கும். திருச்சியில் பெரியப்பா, கோவையில் சித்தப்பா, கனடாவில் அந்தப் பையன், போன் ஸ்பீக்கரில். 1992 பொங்கல். பெரியப்பா கறுப்பு மீசையோடு, ஒரு காலைத் தொங்கவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். விரலை நீட்டுகிறார். "எழுதி வச்சுக்க. நேட்டோவுக்கு இன்னும் அ..."

"பொங்கலோ பொங்கல்!" என்று முற்றத்தில் கூச்சல், யாரோ தாம்பாளத்தைத் தட்டுகிறார்கள், கேமரா அப்படியே பானைப் பக்கம் திரும்புகிறது. நுரை வழிகிறது. அத்தை சிரிக்கிறாள். திரும்பத் திண்ணைக்கு வரும்போது பேச்சு சர்க்கரை விலைக்குப் போய்விட்டது.

சித்தப்பா மூன்று முறை பின்னால் தள்ளிப் பார்க்கச் சொன்னார். "அஞ்சுண்ணே. நல்லாக் கேக்குது." பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். "அம்பதுடா. 2042 வரைக்கும் டைம் இருக்கு." 99 காதுகுத்தில் சித்தப்பா கேலி செய்ததைக் காட்டினேன், அது அவன் சொன்னது, நான் சொன்னதைக் காட்டு என்றார்.

அந்த இடத்தில் சப்டைட்டில் இப்போதைக்கு 'அ...' என்றே இருக்கிறது. திருத்தும் உரிமை நிர்வாகிக்கு மட்டும்தான், அதாவது எனக்கு. போன வாரம் பெரியப்பா, சித்தப்பா இருவரும் தனித்தனியாகப் போன் செய்து நிர்வாகி பாஸ்வேர்டு என்னவென்று கேட்டார்கள்.